பவுசர் போய்ச் சேர்ந்ததா?

‘சாயமிடும் இயந்திரம் பழுதானால் கையால் சாயமிடலாம். வேலை முடிந்ததும், வழிகாட்டியவருக்கு அன்றைக்கே தகவல் சொல்ல வேண்டும்.’

ஒஷாவாவில் நான் வேலை பார்த்த எண்ணெய்க் கிடங்கின் அவசர நடைமுறையில் இதுதான் கடைசி விதி. எழுதிச் சேர்த்தவன் நான். கடைசி விதி வரை வாசிக்கிறவர் யார்?

வீட்டு ஹீற்றருக்கும் பண்ணைக்கும் போகிற எண்ணெய்க்கு வரிச்சலுகை உண்டு. அதை ரோட்டில் ஓடும் லொறிக்கு ஊற்றிவிடக் கூடாதே... அதற்குத்தான் சிவப்புச் சாயம். சாயம் இல்லாமல் எண்ணெய் ஏற்றிய பவுசர் வண்டி கேற்றைத் தாண்டாது.

தை மாதம், மூக்கு விறைக்கும் குளிர். என் கதிரையில் இப்போது இருக்கும் மனேஜர் சுபா போன் எடுத்தா.

“அங்கிள், சாய மெஷின் நிண்டிட்டுது. வடக்கில ஒரு வீட்டில எண்ணெய் முடிஞ்சுதாம். கைக்குழந்தை வேற!”

“மேலிடத்தில அனுமதி எடுத்தனீரோ?”

“எடுத்திட்டன். அதைத்தான் முதல்ல கேப்பீங்கள் எண்டு தெரியும்!”

“அப்ப சாயத்தைக் கடைசியில ஊத்தாதையும் பிள்ளை. கொஞ்ச எண்ணெய், பிறகு சாயம், அதுக்கு மேல மிச்ச எண்ணெய். அப்பதான் கலக்கும். போத்தில்ல சாம்பிள் எடுத்து வெளிச்சத்தில பாரும்.”

“ஓகே அங்கிள், பிறகு எடுக்கிறன்.”

பிறகு என்றால் எப்போது? அதற்கு எந்த நடைமுறையிலும் விளக்கமில்லை.

மல்வேர்ன் அப்பார்ட்மென்டில் நானும் போனும். குளிக்கப் போனாலும் அது கூடவே வந்தது. பின்னேரம் அடித்தது — ஏசிக் குழாய் துப்புரவாக்கும் கொம்பனி! என் வீட்டில் அப்படியொரு குழாயே இல்லை. ஆனாலும் அழைத்தவரிடம், அவருடைய பக்கம் குளிர் எப்படி என்று விசாரித்தேன். அவர்தான் முதலில் போனை வைத்தார்.

‘பவுசர் போய்ச் சேர்ந்ததா?’ என்று சுபாவுக்கு மெசேஜ் போட்டேன். பதில் இல்லை. அந்தக் குழந்தையை நினைத்து என் ஹீற்றரைக்கூட ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிறம்ரனிலிருந்து வந்த மகளிடம் சொன்னேன். “அப்பா, பிரச்சினை எண்டா திரும்ப எடுத்திருப்பினம். எடுக்கேல்லையெண்டா எல்லாம் ஓகே.”

நியாயம்தான். அவளும் என்னை அந்த ‘எடுக்கேல்லையெண்டா ஓகே’ விதிப்படிதான் வைத்திருக்கிறாள். ஓய்வுபெற்றவனுக்குப் போன் வர வேண்டுமென்றால் எங்கேயாவது ஒரு மெஷின் பழுதாக வேண்டும்.

‘சொறி அங்கிள், இப்பதான் பாத்தன். பவுசர் அண்டைக்கே போயிட்டுது. குழந்தை நல்ல சுகம்.’

ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தேன். பதில் வந்த திகதி — யூலை ஒன்று, கனடா தினம்.