சுவரில் விட்ட வழி

எங்கள் தீவின் பிளேன் மாக்னியன் என்ற ஊரில், எங்கள் வரிசையில் ஒன்பது வீடுகள். வாசலில் இறங்கிப் பத்தடி நடந்தால் விமான நிலையத்துக்குப் போகும் பெரிய சாலை. நடுவே கொஞ்சம் புல், அவ்வளவுதான். திருமணமாகி வந்த புதிதில் அந்தச் சாலையைப் பார்த்துக்கொண்டேதான் அரிசி களைவேன். காலைப் பேருந்தின் ஜன்னலோர முகங்கள் எனக்கு மனப்பாடம். விமான நிலையத்தில் எழுத்தராக இருந்த என் கணவர் மிதிவண்டியில் வளைவு திரும்பும்போதே கண்டுகொண்டு தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன். இப்போது நடுவே ஒரு சுவர்; கதவு தட்டிய பிறகுதான் அவர் வந்தது தெரிகிறது. அந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. ஆனால் சுவர் வேண்டும் என்று எல்லோரையும் விட அதிகமாக ஆசைப்பட்டவள் நான்தான்.

காரணம் என் மகள். அவளுக்கு அப்போது மூன்று வயது. கரும்பு வெட்டும் காலத்தில் ஆலைக்குப் போகும் லாரிகள் அந்த வளைவில் சாயும்போது ஒன்றிரண்டு கரும்பு சரிந்து விழும். ஒருநாள் நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது அவள் அதை எடுக்க ஓடிவிட்டாள். டயர்கள் கிறீச்சிட்ட சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். ஓட்டுநர் இறங்கிவந்து கரும்போடு அவளையும் தூக்கி என் கையில் கொடுத்தார். திட்டவில்லை. நான் எப்படிப்பட்ட தாய் என்ற கேள்வி அன்று என்னைப் பிடித்தது. இன்றும் முழுதாக விடவில்லை.

அடுத்த சில மாதங்களில் சாலையை அகலப்படுத்துவதாகவும், நாங்கள் கேட்டிருந்தபடி வீடுகளை மறைத்து ஒரு கற்சுவர் கட்டித் தருவதாகவும் சொல்லி ஓர் அதிகாரி வந்தார். ஆங்கிலத்தில் ஒரு தாள் கொடுத்தார். எங்கள் வரிசையில் கல்லூரிவரை படித்தவள் நான் ஒருத்தி என்பதால் எல்லோரும் அதை என்னிடமே தள்ளினார்கள். அதில் ஒரு கேள்வி: சுவரில் ஆள் நடக்க வழி விட வேண்டுமா? வேண்டாம், பக்கத்துச் சந்து போதும் என்று எழுதினேன். யாரையும் கேட்கவில்லை. வழி என்று படித்ததுமே அதில் என் மகள் ஓடுவதுதான் தெரிந்தது.

கரும்புக் காடுகளில் குவித்திருந்த கருங்கற்களைக் கொண்டுவந்து கட்டினார்கள். சுவர் இடுப்பளவு வந்தபோது பக்கத்து வீட்டு மாமி என் வாசலில் வந்து நின்றார். நாங்கள் பேசுவது தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான், கோயில் சொற்கள் மட்டும் தமிழில். அதையெல்லாம் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

"ஏம்மா, இதுல வாசல் எங்க?"

"சந்து வழியா போகலாம் மாமி."

"காவடி வரும்போது தண்ணி வாளியத் தூக்கிட்டுச் சந்தச் சுத்திப் போகவா? நாங்க போறதுக்குள்ள காவடி கோயிலுக்கே போயிடும்."

தைப்பூசத்தன்று ஆற்றிலிருந்து வருகிற காவடிகள் நிழலே இல்லாத கரும்புக் காட்டைத் தாண்டினால் முதலில் வருவது எங்கள் வளைவுதான். இங்கே ஜனவரிதான் கோடை; வெயிலில் தார் உருகிக் கிடக்கும். ஒன்பது வீட்டுப் பெண்களும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காவடி எடுப்பவர்களின் வெறுங்கால்களைக் குளிரவைப்போம். நானும் ஊற்றியிருக்கிறேன். அந்தத் தாளில் எழுதும்போது அது நினைவுக்கு வரவே இல்லை.

"படிச்ச பொண்ணு. முருகனுக்கே ரோட்ட மூடிட்ட, போ!" என்று சொல்லிவிட்டு மாமி சிரித்தார். அந்தச் சிரிப்பு திட்டை விட வலித்தது.

மறுநாள் மேஸ்திரியிடம் போனேன். வயதான கிரியோல்காரர், உதட்டில் அணைந்த சுருட்டு.

"வழி விடலாம், மாதாம். ஆனா யார் வீட்டு முன்னால? காலையில இருந்து மூணு பேர் வந்தாங்க. எல்லாருக்கும் வழி வேணும், அடுத்த வீட்டுக்கு எதிர்ல!"

மாமி உட்பட எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். எல்லா வீட்டிலும் குழந்தைகள் இருந்தார்கள். யாரும் தன் வீட்டைக் காட்டவில்லை. தாளில் எழுதியது என் கை. "எங்க வீட்டு எதிர்லயே விடுங்க" என்றேன். சொன்ன உடனேயே திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது. மேஸ்திரி அதற்குள் கடப்பாரையை எடுத்துவிட்டார்.

"உன் பயத்துக்குத்தானே சுவரே கேட்டோம்?" என்றார் கணவர் மாலையில். பிறகு அந்த வழிக்கு ஒரு மரக்கதவு செய்து, என் தலைக்கு மேலே தாழ்ப்பாள் வைத்தார்.

அந்தத் தைப்பூசத்தில் ஒன்பது வீட்டு வாளிகளும் எங்கள் முற்றம் வழியாகத்தான் போயின. மாமி சும்மா இருப்பாரா? "பாத்துப் போங்க, இது படிச்ச அம்மாவோட கேட்டு!" என்று எல்லோருக்கும் வழி காட்டினார். மகள் தானும் ஊற்றுவேன் என்று அடம்பிடித்தாள். அவள் கவுனின் பின்பக்கத்தை முறுக்கிப் பிடித்தபடி ஒரு சொம்பைக் கொடுத்தேன். அவள் குனிந்து ஊற்றிய கால் ஒரு கணம் நின்றது. காவடிக்குக் கீழே யார் முகம் என்று பார்க்கக்கூட நான் நிமிரவில்லை. என் கண் முழுக்க அந்தக் கவுன் மேலேயே இருந்தது.

எல்லோரும் போன பிறகு தாழ்ப்பாளைப் போட்டேன். உள்ளே வந்து மகளின் ஈரத் துணியை மாற்றினேன். பிறகு அவளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், போட்டேனா என்று இன்னொரு முறை பார்த்தேன்.