பெட்ரோல் வரிசையைத் தாண்டிப் போன சைக்கிள்

தேங்காய் எண்ணெயும் இரும்புத் துருவும் கலந்த ஒரு வாடை உண்டு. போர்ட் பிளேரின் உப்புக் காற்றில் சைக்கிள் வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது மூக்கிலேயே தங்கிவிட்டிருக்கும். பத்துபஸ்தியில் எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வாசலில், ஞாயிற்றுக்கிழமை காலையானால் அப்பா ஒரு பழைய பனியன் துணியை எண்ணெயில் நனைத்து, சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்துக்கொண்டிருப்பார். தலைக்குத் தேய்க்க வாங்கிய எண்ணெய் வண்டிக்குப் போகிறதே என்று அம்மா முணுமுணுப்பாள். "இந்த ஊருல தலைய விட இதுதான் சீக்கிரம் கெட்டுப்போகும்" என்பார் அப்பா.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து வந்தவர் அவர். ஒரு அரசாங்கக் கிடங்கில் குமாஸ்தா. 'மெயின்லாண்ட்'டிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் சிமெண்டும் கம்பியும் அந்தக் கிடங்கிலிருந்துதான் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குப் பிரிந்து போகும். கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ஸ்கூட்டருக்கு மாறிய பிறகும் அப்பா சைக்கிளை விடவில்லை. மேட்டில் இறங்கித் தள்ளுவார், இறக்கத்தில் ஏறிக்கொள்வார், வியர்த்துக் கொட்டினாலும் முகம் மட்டும் தெளிவாக இருக்கும். "அரிசியும் கப்பல்ல வருது, பருப்பும் கப்பல்ல வருது. வேலைக்குப் போறதுக்குமா கப்பலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்?" என்பது அவருடைய வாதம். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாததாலேயே அவர்மேல் பலருக்கு எரிச்சல் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு மழைக்காலம். கடல் கொந்தளித்ததால் பெட்ரோல் கொண்டுவரும் கப்பல் வரவில்லை. பங்க்கில் வரிசை நின்றது. ரெயின்கோட்டோடு ஸ்கூட்டரைத் தள்ளித் தள்ளி நகரும் வரிசை. வங்காளிகளும் தெலுங்கர்களும் மலையாளிகளும் நம்மவர்களும் எல்லோருக்கும் பொதுவான இந்தியில் ஒன்றாகச் சேர்ந்து அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தாண்டி அப்பா தினமும் சைக்கிளில் போவார். பின்னால் கேரியரில் பள்ளிக்கூடப் பையோடு நான், அவர் தலைக்கு மேல் குடையைப் பிடித்தபடி. எனக்கு ஒரே பெருமையாக இருந்தது. ஆனால் வரிசையில் நின்றவர்கள் பார்த்த பார்வை பிடிக்கவில்லை. அப்பாவோடு அதே கிடங்கில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு முத்தையா மாமாவும் அங்கே நின்றார். "போறாரு பாரு, மகாராஜா" என்றார் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நான் அப்போதே நம்பவில்லை.

அதே வாரம் கிடங்கில் திடீர்ச் சோதனை நடந்தது. மேலிடத்து ஆட்கள் வந்து மூட்டைகளை எண்ணியபோது, கணக்கில் இருந்த சிமெண்டில் ஒரு பங்கு கிடங்கில் இல்லை, வெளியே விலை போயிருந்தது. உள்ளே இருக்கிற யாரோதான் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டிய அத்தனை பேரும் அப்பாவைத்தான் பார்த்தார்கள். காரணம், சைக்கிள். ஸ்கூட்டரில் வருகிறவன் தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டுவிடும், பேச்சை மாற்றிக்கொள்ளலாம். சைக்கிளில் வருகிறவன் எப்போது வந்தான், எதைக் கேட்டான், யார் கண்டது?

ஒரு சாயங்காலம் முத்தையா மாமா எங்கள் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"அண்ணே, நான் சொல்லல, மத்தவங்க பேசிக்கிறாங்க. 'அந்த ஆளு சுப்சாப் வர்றான், சுப்சாப் போறான், ஒரு சத்தமும் இல்ல'னு. ஊரே பெட்ரோலுக்கு அல்லாடுது, உங்களுக்கு மட்டும் ஒரு கஷ்டமும் இல்ல. சந்தேகப்படாம என்ன செய்வாங்க? பெரிய சாப் உங்களக் கட்சாலுக்கு மாத்தப் போறாராம்."

கட்சால் நிக்கோபாரில் இருக்கும் ரப்பர் தோட்டத் தீவு. இன்று கப்பல் ஏறினால் என்று திரும்பலாம் என்பதைக் கடலும் கப்பலும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிரசவத்திலேயே செத்துப் பிழைத்தவள் அவள். பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊரை விட்டு அவளையும் அழைத்துப் போக முடியாது, என்னோடு தனியாக விட்டுவிட்டும் போக முடியாது. மாமா போன பிறகு அம்மா அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சொன்னீங்களோ சொல்லலையோ, அது எனக்குத் தெரிய வேணாம்" என்றாள் கடைசியில். "எல்லாரையும் மாதிரி ஒரு ஸ்கூட்டர வாங்கித் தொலைங்க."

அவளும் நம்பவில்லை என்பது அப்பாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

யாரோ ஓட்டித் தேய்த்த பழைய ஸ்கூட்டர் ஒன்று வந்தது. ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாத அதை மழையில் தள்ளிக்கொண்டு போய் அப்பா வரிசையில் நின்றார். மற்றவர்களைப்போல நனைந்தார், கால் மாற்றி நின்றார், கப்பலைத் திட்டினார். முத்தையா மாமா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்ததைப் பள்ளிக்கு நடந்து போகும் வழியில் நான் பார்த்தேன். கஷ்டப்படுகிறவன் நம்ம ஆள் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கப்பல் வந்து சேர்ந்தபோது மாற்றல் பேச்சு காணாமல் போயிருந்தது. தம்பி இந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே, அப்பா வெளியே காத்திருக்கும்போது பிறந்தான். சைக்கிள் கொல்லைப்புறத்தில் மழையில் கிடந்து மக்கியது.

இப்போது ஊரில் சைக்கிள் பாதை போடப் போகிறார்களாம். பேனர்கூட வைத்துவிட்டார்கள்: பெட்ரோல் வேண்டாம், சத்தம் இல்லை, உடம்புக்கு நல்லது, காற்று கெடாது. படித்துப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. இவற்றில் முதல் இரண்டும் எங்கள் அப்பாமேல் சாட்டப்பட்ட குற்றங்கள். எனக்கு எதையும் சட்டென்று நம்பும் சுபாவம் கிடையாது. சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துக்கொள்ளக் கடலோரத்தில் மட்டும் வழவழவென்று ஒரு பாதையைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிவிடுவார்களோ என்றுதான் தோன்றுகிறது. போடுவதென்றால் நன்றாகவே பணம் போடட்டும். பத்துபஸ்தி மேட்டிலும், பள்ளிக்கூடம் போகும் வழிகளிலும், வேலைக்குப் போகிறவன் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கிச் சாகாத மாதிரியும் போடட்டும். துளித்துளியாய்க் கப்பலில் வரவேண்டிய பெட்ரோலை, கூப்பிடு தூரத்துக் கடைக்குப் போக எரிக்கும் ஊர் இது. அப்பா கேட்ட கேள்விக்கு இன்றும் இங்கே பதில் இல்லை. எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் வாசல்களில் இப்போது ஸ்கூட்டர் பக்கத்தில் காரும் நிற்கிறது. சைக்கிள் ஒன்றுகூட இல்லை, பங்க்சர் ஒட்டும் கடை இருந்த இடத்தில் மொபைல் கடை.

பேனர் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். ஓய்வு பெற்று என்னோடுதான் இருக்கிறார். "போடட்டும், நல்லதுதானே" என்றார். அந்தச் சாக்கில், இத்தனை வருடமாக வாய்வரை வந்து நின்றதைக் கேட்டுவிட்டேன்.

"அப்பா, அன்னைக்குக் கிடங்கு விஷயத்த மேலிடத்துல சொன்னது நீங்கதானா?"

"நான் இல்ல."

"யாருன்னாவது தெரியுமா?"

"அப்பவே தெரியும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. "தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க சைக்கிள விட்டிருக்க வேணாமே?"

"சொல்லியிருந்தா அவனக் கட்சாலுக்கு ஏத்தியிருப்பாங்க. அவன் வீட்லயும் சின்னப் புள்ளைங்க இருந்துச்சு."

"யாருப்பா அது?"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். பெற்ற மகளை, அன்று கிடங்கில் எல்லோரும் அவரைப் பார்த்த அதே பார்வையோடு பார்த்தார்.

"நீ எதுக்குக் கேக்குற?" என்றார்.