பார்த்துவிட்டு வந்து சொல்பவர்

"இது எந்தப் பண்ணைக் கோழி? எத்தனை நாள் வளந்துச்சு? நிக்கறதுக்கு, திரும்பறதுக்கு எடம் இருந்துச்சா?"

கறிக்கடைப் பலகைக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் இதைக் கேட்கும்போது, அவருக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். கடைக்காரர் ஓங்கிய கத்தியை மரக்கட்டையின் மேல் சாய்த்துவிட்டு மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடிப்பார். அந்தத் தெருவில் உள்ள மூன்று கறிக்கடைகளிலும் அவருக்கு 'விசாரணை' என்றுதான் பெயர். நடுவில் நாலு மாதம் காணாமல் போயிருந்தார். போன மாதத்திலிருந்து மறுபடி வருகிறார். "விசாரணை வந்துட்டாருப்பா, கோழியோட ஜாதகத்தை எடுத்து வை" என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். ஒரு கடைக்காரர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்: "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையால்ல இருக்கு சார்? கடைசில சாப்பிடத்தானே போறீங்க?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சாப்பிடத்தான் போறோம். அதனாலதான் கேக்கறேன்" என்றார். பதில் கிடைக்காததால் வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். ஐம்பதை நெருங்கும் வயது. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சின்ன டார்ச் இருக்கும். லிஃப்ட் பெட்டிக்குள் கண்ணாடியும் விளக்கும் எவ்வளவு பளபளத்தாலும், அதை வைத்து அவர் சோதனை அட்டையில் கையெழுத்துப் போட்டதில்லை. கீழே குழிக்குள் இறங்கி, தேங்கிய தண்ணீரில் கால் வைத்து, கம்பிக் கயிற்றை டார்ச் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டு வந்தால்தான் பேனா வெளியே வரும். "மேனேஜர் காட்டறதைப் பாக்க மேனேஜரே போதும். காட்டாததைப் பாக்கத்தானே நம்மளக் கூப்பிடறாங்க" என்பது அவர் வாடிக்கையாகச் சொல்வது. இதனால் அவரைக் கண்டாலே முகம் சுளிக்கும் கட்டடங்கள் உண்டு.

காது இன்னும் மோசம். ஒரு மோட்டாரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் பார்த்துவிடுவார். சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால், கை கழுவும்போதே, "உங்க பிரிட்ஜ் இன்னும் ரெண்டு மாசம் தாங்கும், பாத்துக்கோங்க" என்பார். திரும்பும் வழியெல்லாம் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். "போற எடத்துல வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டிலிருந்து போன் வரும். மனைவி அதையும் அவரிடம்தான் கொடுப்பாள்.

இப்படிப்பட்டவர் கோழியின் சரித்திரத்தை விசாரிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் அவருடைய ஒரே மகள். பதினைந்து வயது. ஒருநாள் அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது சிக்னலில் ஒரு கோழி லாரி பக்கத்தில் வந்து நின்றது. அடுக்கடுக்காகக் கூடைகள். ஒன்றின் இடுக்கில் ஒரு கோழியின் தலை மட்டும் வெளியே தொங்கியது. கை நீட்டினால் தொடும் தூரம். பச்சை விளக்கு விழும்வரை அது அவளையே பார்த்துக்கொண்டிருந்ததாம். அன்றைக்கு விட்டவள்தான், கறியும் தொடவில்லை, முட்டையும் தொடவில்லை. கீரையை ஓரங்கட்டினாள். இரும்பு மாத்திரை உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. ஆறாவது மாதம் பள்ளிக்கூட மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். ரத்தத்தைச் சோதித்ததில் ஹீமோகுளோபின் ஏழு. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும் என்றார் டாக்டர். "ஈரல் குடுங்க, கறி குடுங்க. இப்படியே விட்டா ஆஸ்பத்திரில படுக்க வச்சு ரத்தம்தான் ஏத்தணும்."

அம்மா கெஞ்சினாள், திட்டினாள், தானும் பட்டினி கிடந்து பார்த்தாள். மகள் அசையவில்லை. கடைசியில் அப்பாவிடம் வந்து ஒரு வழி சொன்னாள்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கப்பா. அது உசுரோட இருந்தவரைக்கும் நல்லா இருந்துச்சுன்னு நீங்க சொன்னா நான் சாப்பிடறேன். வேற யார் சொன்னாலும் வேணாம்."

அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு அவர் முதலில் கறிக்கடைகளில் கேட்டுப் பார்த்தார், பிறகு ஞாயிறுதோறும் பண்ணை பண்ணையாக அலைந்தார். முதல் பண்ணையில் கதவே திறக்கவில்லை. இரண்டாவதில் திறந்தார்கள், உள்ளேயிருந்து வந்த நெடியில் கண் எரிந்து, இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். மூன்றாவது ஒரு வீட்டுத் தோட்டம். பன்னிரண்டு கோழிகள் ராஜபோகமாக மேய்ந்துகொண்டிருந்தன. ஆனால் அந்த வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். "விக்கலாம்னுதான் வாங்கினேன் சார். எல்லாத்துக்கும் பேரு வச்சுத் தொலைச்சுட்டேன்." இவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்.

நான்காவது இடம் அமைந்தது. ஊரைத் தாண்டி முக்கால் மணி நேரம். ஏழெட்டு மரங்கள், மரத்தடியில் எழுபது எண்பது கோழிகள், மண்ணைக் குடைந்து புரண்டு புழுதியில் குளித்துக்கொண்டிருந்தன. அவர் குந்தி உட்கார்ந்து ஒன்றைப் பிடித்தார். பாதத்தைப் புரட்டிப் புண் இருக்கிறதா என்று பார்த்தார். நெஞ்சு இறகை விலக்கிப் பார்த்தார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். பண்ணைக்காரர் பொறுமையாக நின்றார். உரித்துச் சுத்தம் செய்த கோழியும் தனியாக ஈரலும் உள்ளேயிருந்து பொட்டலமாக வந்தன. வீட்டுக்கு வந்து, "பாத்தேன் கண்ணு. நல்லா இருந்துச்சு" என்றார். மகள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். அம்மா அடுப்பைத் துடைக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டாள்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அங்கேதான். முதல் சில வாரம் மகள் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அப்பா கொண்டுவந்தால் அப்பா பார்த்திருப்பார். ஏழு எட்டானது, எட்டரையானது, நாலாவது மாதம் பத்தைத் தொட்டது. நகத்தில் நிறம் ஏறியது. மாடிப்படியைத் திரும்பவும் இரண்டிரண்டாகத் தாண்ட ஆரம்பித்தாள்.

அந்த மரங்களுக்குப் பின்னால் ஓர் உயரமான சுவர் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் நாளே அது அவர் காதில் விழுந்தது. தண்ணீர் மோட்டார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சொந்தக்காரர் வீட்டு பிரிட்ஜின் ஆயுளைச் சொல்லும் மனிதருக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். இவர் காது பொய் சொல்லவில்லை. பத்து என்ற எண் இனித்தது, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு ஞாயிறு, வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. அவர் மரத்தடியில் ஒரு கோழியின் பாதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. தண்ணீர் மோட்டார் என்றால் சட்டென்று நின்றிருக்கும். சுவருக்குப் பின்னால் ஓடியதோ மெல்ல மெல்ல வேகம் தளர்ந்து, சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. பெரிய விசிறிதான் அப்படி நிற்கும். அதன் இரைச்சல் அடங்கியதும், இத்தனை நாள் அது மூடி வைத்திருந்த சத்தம் எழுந்தது. ஆயிரக்கணக்கான கோழிகளின் சத்தம்.

பண்ணைக்காரர் ஓடிவந்தார். "சார், நீங்க மோட்டார் வேலைதானே பாக்கறீங்க? ஜெனரேட்டர் எடுக்க மாட்டேங்குது. காத்து இல்லேன்னா அரை மணி நேரத்துல எல்லாம் செத்துரும் சார். கொஞ்சம் வாங்க."

போனார். ஜன்னல் இல்லாத நீளக் கொட்டகை. தரை தெரியவில்லை, தரை முழுக்கக் கோழி. எல்லாம் அலகைத் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. எழ முயன்ற சில, உடம்பைக் கால் தாங்காமல் மறுபடி சரிந்தன. பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. ஜெனரேட்டரின் டீசல் குழாயில் காற்று அடைத்திருந்தது. திருகைத் தளர்த்தி, கையால் பம்ப் அடித்து, குமிழ் வருவது நிற்கும்வரை காற்றை வெளியேற்றி முறுக்கினார். பன்னிரண்டு நிமிடம். விசிறிகள் சுழன்றன. நாலு மாதமாகக் கேட்ட அதே சத்தம் இப்போது முகத்தில் அடித்தது.

"நான் வாங்கிட்டுப் போனதெல்லாம் எதுலேர்ந்து?"

பண்ணைக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "எழுபது கோழிய வச்சு எத்தனை வீட்டுக்கு சார் குடுக்க முடியும்? வர்றவங்களுக்கு மரத்தடிதான் பிடிக்குது. அதுக்காக வச்சிருக்கோம்." கொஞ்சம் நின்று, "நீங்க ஒருநாளும் பின்னாடி வரணும்னு கேக்கலையே சார்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார், அவ்வளவுதான்.

பொட்டலத்தை நீட்டினார்கள். "பாப்பாவுக்கு" என்று அன்றைக்கு ஈரல் கூடுதலாகவே வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தார். அடுத்த ரத்தச் சோதனைக்கு மூன்று வாரம் இருந்தது. வாங்கிக்கொண்டார்.

வீட்டுச் சமையலறையில் மனைவியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டு முடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

"ஏங்க, பத்து வந்திருக்கு. மறுபடி மயங்கி விழுந்தா நான் தாங்க மாட்டேன். உங்களப் பொய் சொல்லச் சொல்லல. அவ இப்பல்லாம் கேக்கறதே இல்லையே. கேக்காதவகிட்ட எதுக்குச் சொல்லணும்?"

அவள் சொன்னதில் தப்பு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. பெற்றவள் வயிறு பேசுகிறது. அவருக்கும் அந்தப் பிள்ளை உயிர்தான். ஈரல் வெந்து, வீடெல்லாம் மணந்தது. மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மகள் பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருப்பதைப் பற்றி மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் தட்டில் நாலு துண்டு வைத்தாள், ஐந்தாவதும் வைத்தாள். மகள் எதுவும் கேட்கவில்லை. அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பேச்சுவாக்கில் ஒரு துண்டை எடுக்கக் குனிந்தாள்.

அவர் கையை நீட்டி, ஆவி பறந்துகொண்டிருந்த அவள் தட்டின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தார். சுட்டிருக்கும். எடுக்கவில்லை.