மெயினை அணைத்தாலும் ஒன்றும் ஆகாது

அதைச் சொன்னது நான்தான். தொண்ணூறுகளின் கடைசி வருஷம், மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கூடத்தில், காபி டம்ளரும் கையுமாக உட்கார்ந்து, ஏதோ வரம் கொடுப்பவன் மாதிரி சொன்னேன். இன்றுவரை என் வாயை நான் மன்னிக்கவில்லை.

அந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். நரம்பு நோய். கை முதலில் போயிற்று, பேச்சும் போய்க்கொண்டிருந்தது. ஒலியைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதிவிட வேண்டும் என்று அவருக்கு வெறி. அவர் சொல்லச் சொல்ல அவர் மனைவி, நான் மாமி என்று கூப்பிடுபவர், கம்ப்யூட்டரில் தட்டுவார். குரல் இருக்கும்போதே முடித்தாக வேண்டும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டர் கிண்டியில் என் ஆபீஸ் கழித்துக்கட்டியது. விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைத்த லினக்ஸைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். அதில் ஒரு தொல்லை. முறைப்படி நிறுத்தாமல் கரண்டைப் பிடுங்கினால், மறுபடி போடும்போது டிஸ்க்கை மூலைமுடுக்கெல்லாம் சோதித்து, இதைத் திருத்தட்டுமா, அதைத் திருத்தட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு நிற்கும்.

மாமியோ வெளியே கிளம்பினால் வீட்டு மெயின் ஸ்விட்சை அணைக்காமல் கதவைப் பூட்டமாட்டார். ஒருமுறை மீட்டர் பெட்டி புகைந்ததிலிருந்து அப்படி. பேச்சுப் பயிற்சிக்காக வாரம் இரண்டு தடவை பேராசிரியரை ஆட்டோவில் ஏற்றி அடையாறுக்கு அழைத்துப் போகிற அவசரத்தில் கம்ப்யூட்டர் யாருக்கு ஞாபகம் வரும்? மறுநாள் எனக்குப் போன் வரும். நான் பஸ் பிடித்து வருவதற்குள் காலை போய்விடும். அவருக்குக் குரல் தெளிவாக இருந்ததே காலையில்தான்.

அப்போதுதான் ஜர்னலிங் ஃபைல் சிஸ்டம் என்று, டிஸ்க்கில் ஃபைல்களைப் போட்டுவைக்கும் முறை ஒன்று புதிதாக வந்திருந்தது. செய்யப்போவதை முதலில் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு பிறகு செய்யும். நடுவில் கரண்ட் போனால் நோட்டைப் பார்த்து நிமிஷத்தில் சரிசெய்துகொள்ளும். முக்கியமான வேலைக்கு இன்னும் வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. நமக்கா சொல்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுவிட்டேன்.

“அப்போ நான் பாட்டுக்கு மெயினை அணைச்சுட்டுப் போலாமா? தினம் ஃப்ளாப்பியில காப்பி எடுத்துண்டிருக்கேனே, அது?”

“அதுவும் வேண்டாம் மாமி. மெயினை அணைச்சாலும் ஒண்ணும் ஆகாது.”

“நீ நன்னா இருக்கணும்ப்பா,” என்றார்.

நாலு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒருநாள் ஆட்டோக்காரர் சீக்கிரம் வந்து ஹார்ன் அடித்திருக்கிறார். மாமி புத்தகத்தை சேவ் செய்த கையோடு மெயினை அணைத்திருக்கிறார். மறுநாள் நான் போனபோது கம்ப்யூட்டர் சமர்த்தாகக் கிளம்பியது. ஒரு கேள்வி கேட்கவில்லை. புத்தகத்தின் பெயர் இருந்தது, நீளம்கூடச் சரியாக இருந்தது. திறந்தால் உள்ளே எழுத்துக் குப்பை, எப்போதோ அழித்த கடிதத்தின் துண்டுகள். அந்த நோட்டு ஃபைலின் பெயரையும் அளவையும் இடத்தையும்தான் குறித்துவைக்கும். உள்ளே இருப்பதை அல்ல; அது சேவ் செய்தபிறகும் சில நொடி கழித்துத்தான் டிஸ்க்கில் ஏறும். அதை நான் படித்திருந்தேன். படித்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தேன். தேடுவதற்குச் சௌகரியம் என்று பதினோரு அத்தியாயத்தையும் மாமி ஒரே ஃபைலில் வைத்திருந்தார்; ஒவ்வொரு சேவிலும் அது முழுக்கப் புதிதாக எழுதப்படும்.

பழைய ஃப்ளாப்பியில் ஐந்து அத்தியாயம் கிடைத்தது. மாமி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“ஆறாவதுலேர்ந்து மறுபடி சொல்லுங்கோ. நாள் இருக்கு,” என்று கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

அவர் சொன்னார். நாலு மாதத்துக்கு முன்னால் இருந்த குரல் அது இல்லை. மாமி, “என்ன சொன்னேள்?” என்று குனிந்தார். அவர் மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை மாமி என்னைப் பார்த்தார். “உனக்குப் புரியறதாப்பா?”

எனக்குப் புரியவில்லை. ஒரு வரிக்காக அரை மணி நேரம் மூன்று பேரும் போராடினோம். ஸ்க்ரீனில் ‘அலை’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது, அதுவும் மாமி ஊகித்துத் தட்டியது. அவர் இல்லை என்று தலையசைத்தார்.

கடைசியாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் முதல் தடவையே புரிந்தது. “போதும்.”