ஃப்ரிட்ஜ்ல இடமில்லாத பால்

போன பௌர்ணமி அன்னிக்கு நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். இன்ஸ்கர்ட் வாங்க டவுனுக்குப் போனேன்.

திருவண்ணாமலைக்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம். மத்தவங்களுக்குச் சொல்றேன் – பௌர்ணமின்னா வெளியூர் பூரா கிரிவலத்துக்கு உள்ள வந்துடும். உள்ளூர்க்காரங்க நாங்க வீட்டை விட்டு நகரமாட்டோம். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நின்னுடும். தெருவுக்குத் தெரு பேரிகேடு. ஆனா மறுநாள் காலையில ஒரு நிச்சயதார்த்தம். புடவைக்கு மேட்ச்சா இன்ஸ்கர்ட் இல்ல. என்ன பண்றது? எங்க ஏரியா வேங்கிக்கால்ல ஆட்டோ ஏறினேன். பாதி தூரத்துல இறக்கிவிட்டுட்டார். அப்புறம் நடராஜா சர்வீஸ்தான்.

நான் போனது தேரடிப் பக்கம் இருக்கிற ஒரு பெரிய ஜவுளிக்கடை. பேரு எதுக்கு... விடுங்க. எங்க வீட்டு மாடி போர்ஷன்ல குடியிருக்கிற ரேவதி அங்கதான் சேல்ஸ்ல இருக்கா. மெரூன் கலர் யூனிஃபார்ம் புடவை, கழுத்துல ஐடி கார்டு, காலையில ஒன்பதரைல இருந்து ராத்திரி எட்டரை வரைக்கும் நின்ன கால்.

கடை வாசல்ல பந்தல் போட்டு, முதலாளி தன் கையாலயே பக்தர்களுக்குப் பாதாம் பால் குடுத்துட்டு இருந்தார். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் குடுக்கிறார். சும்மா சொல்லக்கூடாது, தண்ணி கலக்காத பால். வர்றவங்களையெல்லாம் 'சாப்பிடுங்கம்மா, சாப்பிடுங்கய்யா'ன்னு கும்பிட்டுக் கூப்பிடுவார். எனக்கும் ஒண்ணு குடுத்தார். குடிச்சிட்டே உள்ள போனேன்.

உள்ள ஒரு குழந்தை வீல் வீல்னு கத்திட்டு இருந்தது. யாருடா இது, இந்தக் கூட்டத்துல கைக்குழந்தையைத் தூக்கிட்டு வந்ததுன்னு எட்டிப் பார்த்தா – நம்ம ரேவதி புருஷன் குமரேசன். சட்டை பூரா வேர்வை. தோள்ல நாலு மாசத் தமிழினி. எதிர்ல ரேவதி, கையில ஒரு காலி எவர்சில்வர் டப்பாவோட நிக்கிறா. கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு.

என்ன நடந்ததுன்னு சொல்றதுக்கு முன்னாடி, அந்த டப்பாவோட கதையைச் சொல்லிடறேன்.

ரேவதி மூணாவது மாசமே வேலைக்குத் திரும்பிட்டா. இன்னும் லேட் பண்ணா வேற ஆள் போட்டுடுவாங்க. குமரேசனுக்கு ஒரு லாட்ஜ்ல ரிசப்ஷன், நைட் ட்யூட்டி. அதனால பகல்ல குழந்தை அவன் பொறுப்பு. எங்க ஏரியா நர்ஸம்மா வீட்டுக்கே வந்து சொல்லிக் குடுத்தாங்க – ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், தண்ணிகூட வேணாம். சளி, பேதின்னு ஆஸ்பத்திரிக்கு ஓடறது கம்மியாகும். அம்மா உடம்பும் சீக்கிரம் தேறும். வேலைக்குப் போனா என்ன, பீய்ச்சி எடுத்து மூடி போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, பாலாடையில குடுங்கன்னாங்க. ரேவதியை விட குமரேசன்தான் ஜாஸ்தி சந்தேகம் கேட்டான். ஒரு நோட்டு எடுத்து எழுதிக்கிட்டான்னா பார்த்துக்கோங்க.

காலையில வீட்டுல ஒரு டப்பா வெச்சிட்டுப் போவா. பதினோரு மணிக்குக் கடை ட்ரையல் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு இன்னொரு டப்பா பீய்ச்சி, ஸ்டாஃப் ஃப்ரிட்ஜ்ல வைப்பா. ஒரு மணிக்கு குமரேசன் பைக்ல வந்து அதை வாங்கிட்டுப் போவான். அந்த நேரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கிறது நான். ஒரு மாசமா இப்படித்தான் ஓடிட்டு இருந்தது. அன்னிக்கு நான்தான் இன்ஸ்கர்ட் வாங்கப் போயிட்டேனே! அவன் குழந்தையைத் தூக்கிக்கிட்டு, பைக் போகாதுன்னு அத்தனை தூரமும் நடந்து வந்திருக்கான்.

இந்த இடத்துல இன்னொரு உண்மையையும் ஒத்துக்கணும். குழந்தை பிறந்த பதினஞ்சாம் நாள் பார்க்கப் போனப்ப நான் என்ன வாங்கிட்டுப் போனேன் தெரியுமா? ஒரு பால்பவுடர் டின். வெறுங்கையோட போகக் கூடாதில்ல? போதாததுக்கு, 'இப்படி அழுதா பால் பத்தலைன்னு அர்த்தம்'னு ஒரு தீர்ப்பு வேற சொல்லிட்டு வந்தேன். மறுவாரம் நர்ஸம்மா அந்த டின்னைத் தூக்கிக் காட்டி, யாரு வாங்கிட்டு வந்ததுன்னு கேட்டாங்க. குமரேசன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பால் பத்தல, பால் பத்தல, பால் பத்தல... குழந்தை பிறந்த வீட்டுல இந்த வார்த்தையைச் சொல்லாத வாய் உண்டா? பக்கத்து வீடு சொல்லும், எதிர்வீடு சொல்லும், தபால்காரர்கூட சொல்லுவார். கொழுகொழுன்னு இல்லையே, பால் பத்தல. தூங்க மாட்டேங்குதே, பால் பத்தல. அந்தப் பொண்ணு சோறு தின்னாளா, ரெண்டு மணி நேரமாவது தூங்கினாளா, அதை எவளாவது கேட்டோமா? நானும் கேக்கலையே! நிஜமாவே குடுக்க முடியாத அம்மாக்கள் இருக்காங்க. அவங்க பவுடர் குடுத்தா அது அவங்க நிலைமை, அதுல நமக்கு வேலை இல்ல. ஆனா குடுக்க முடியறவளையும் முடியாதவளா ஆக்கி வைக்கிறோமே... அதுதான் எனக்கு ஆத்திரம்.

சரி, கடைக்கு வர்றேன். அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி. வாசல்ல குடுக்கிற பாதாம் பாலை ஜில்லுனு வைக்க கீழ இருந்த ஃப்ரிட்ஜ் பத்தல. ஸ்டாஃப் ஃப்ரிட்ஜைக் காலி பண்ணச் சொல்லியிருக்கார் முதலாளி. சூப்பர்வைசர் மல்லிகா காலி பண்ணியிருக்காங்க. தயிர்சாத டப்பா ஒண்ணை வெளிய எடுத்து வெச்சிருக்காங்க. ரேவதி டப்பாவைத் திறந்து பார்த்திருக்காங்க. ஏதோ நாள்பட்ட பால்னு நினைச்சு, சிங்க்ல கொட்டி, டப்பாவைக் கழுவிக் கவுத்தும் வெச்சிட்டாங்க.

புரியுதா? ஊருக்கெல்லாம் குடுக்கிற பாலுக்கு இடம் வேணும்னு, ஒரு குழந்தையோட மத்தியானச் சாப்பாட்டைக் கொட்டியாச்சு!

தமிழினி பசியில முகமெல்லாம் கருத்துப் போய்க் கத்துது. நான் குழந்தையை வாங்கி ரேவதி கையில குடுத்து, முதல்ல உள்ள போய் உக்காருன்னேன். எங்க உக்காருவா? அவ்வளவு பெரிய கடையில ட்ரையல் ரூமை விட்டா வேற கதவு கிடையாது. உள்ள ஸ்டூல்கூட இல்ல. தரையில சம்மணம் போட்டு உக்காந்தா. நான் கதவுக்கு வெளிய காவல்.

ரெண்டு நிமிஷம் ஆகல, க்யூ வந்துடுச்சு. சுடிதாரைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு கதவைத் தட்டுது. குழந்தை பால் குடிக்குதும்மான்னு சொன்னேன். அதுக்கு இங்கதான் இடமான்னு கேட்டா. நியாயமான கேள்விதானே? இங்க இடமில்லன்னா எங்க இடம்னு நான் திருப்பிக் கேட்டேன். ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடியும் தட்டினா. ஒவ்வொரு தட்டலுக்கும் குழந்தை பாலை விட்டுட்டு அழுதது.

சத்தம் கேட்டு மல்லிகா வந்தாங்க. கிட்டத்தட்ட என் வயசு. ரெண்டு பிள்ளை பெத்தவங்க. கொட்டினது தப்புன்னு ஒரு வார்த்தை வரும்னு எதிர்பார்த்தேன்.

"நாங்கெல்லாம் பெத்து வளக்கலையா?"ன்னு கேட்டாங்க. "பெரியவன் பொறந்து ரெண்டு மாசத்துல நான் வேலைக்கு வந்துட்டேன். பால் கட்டிக்கிச்சு. வலி தாங்காம துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டு இதே கடையில நின்னேன். எனக்கு யாருங்க ஃப்ரிட்ஜ் குடுத்தாங்க?"

எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்தது. ஆனா யார் மேலன்னுதான் தெரியல. தான் பட்ட கஷ்டத்தை அடுத்தவளும் பட்டாத்தான் கணக்கு நேராகும்னு நினைக்கிறதை என்னன்னு சொல்ல? திட்டலாம்னு வாயைத் திறந்தேன். அவங்க கை, தன்னை அறியாம நெஞ்சுப் பக்கம் புடவையை இழுத்து விட்டுக்கிச்சு. நான் வாயை மூடிக்கிட்டேன்.

அப்பத்தான் முதலாளி வந்தார். விஷயம் தெரிஞ்சு பதறிட்டார் பாவம். கெட்டவர் இல்லைங்க அவர். குழந்தை பசியா இருக்கான்னு கேட்டுட்டு வாசலுக்கு ஓடினார். திரும்பி வந்தப்ப கையில ரெண்டு டம்ளர். "ஒண்ணு அம்மாவுக்கு, ஒண்ணு குழந்தைக்கு"ன்னு நீட்டினார். பாதாம் பால். நாலு மாசக் குழந்தைக்கு!

குமரேசன் பேசாம ரெண்டு டம்ளரையும் வாங்கி ஓரமா வெச்சான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"சார், உங்க பாலுக்கு இடம் வேணும்னு அவ பாலைக் கொட்டியிருக்கீங்க. ஊர்ல எந்தப் பச்சைக்குழந்தையும் பசியா இருக்கக் கூடாதுன்னு நினைச்சா, ஒரு நாற்காலி போடுங்க, ஒரு திரை கட்டுங்க. ஒரு அம்மா உக்காந்து பால் குடுக்கட்டும். அது பெரிய புண்ணியம்."

அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நல்ல யோசனைம்மான்னார். ஆனா ரேவதிக்கு அன்னிக்கு லஞ்ச் பிரேக்கை விட கால்மணி நேரம் ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு ரிஜிஸ்டர்ல லேட் போட்டாங்க. மல்லிகாதான் போட்டாங்க.

அந்த ராத்திரி ரேவதி மாடியில இருந்து இறங்கி வந்து, "அக்கா, நீங்க குடுத்த பவுடர் டின் இன்னும் இருக்கு. பிரிச்சிடலாமா?"ன்னு கேட்டா. ஒரு மாசமா ட்ரையல் ரூம்லயும் சிங்க்கோரத்துலயும் கஷ்டப்பட்டு ஓட்டின பொண்ணு. அவளை மடக்கினது நோய் இல்ல, உடம்பு இல்ல. ஒரு ஃப்ரிட்ஜ் தட்டு. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்னு சொல்லி, டின்னை நானே வாங்கி வெச்சுக்கிட்டு அனுப்பினேன். மறுநாள்ல இருந்து ஐஸ் பை ஒண்ணு வாங்கி, டப்பாவை அதுலயே வெச்சு ஸ்டாக் அலமாரிக்குள்ள ஒளிச்சு வெச்சா. ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி.

இதோ, இந்தப் பௌர்ணமி. நான் எந்த இன்ஸ்கர்ட்டும் வாங்கல. குமரேசனுக்குத் துணையா நானும் நடந்தேன். கடை வாசல்ல புதுசா ஒரு ஃப்ளெக்ஸ். முதலாளி கும்பிட்டுக்கிட்டு நிக்கிறார். பக்கத்துல பெரிய எழுத்துல – 'கிரிவலம் வரும் பாலூட்டும் தாய்மார்களுக்கு இங்கே தனி இட வசதி உண்டு.' உள்ள கவுன்டர் ஓரமா நாற்காலி, ஃபேன், திரை. எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. என் வாய்க்கும் ஒரு மரியாதை இருக்குன்னு நெனச்சேன்.

ஒரு மணிக்கு ரேவதி வந்து குழந்தையை வாங்கிக்கிட்டா. ட்ரையல் ரூம் பக்கம் நடந்தா. ஏன்டி, அதான் புது இடம் இருக்கேன்னேன்.

"கேட்டேன்க்கா. அது பக்தர்களுக்காம். ஸ்டாஃப் போகக் கூடாதாம்."

எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது, சொல்லுங்க?

அவ கழுத்துல இருந்த ஐடி கார்டைக் கழட்டி என் பையில போட்டேன். என் துப்பட்டாவை எடுத்து அவ தோளைச் சுத்திப் போர்த்தினேன். நீயும் பக்தைதான், போடின்னு திரைக்குள்ள தள்ளிவிட்டேன். குமரேசன் சிரிப்பை அடக்க முடியாம வாசல் பக்கம் போயிட்டான்.

அஞ்சு நிமிஷத்துல மல்லிகா வந்தாங்க.

"உள்ள யாருங்க?"

"பக்தை. கிரிவலம் வந்தவங்க."

மல்லிகா கீழ பார்த்தாங்க. நானும் பார்த்தேன். திரைக்கு அடியில மெரூன் கலர் யூனிஃபார்ம் புடவையோட கரை, ரெண்டு வீங்கின பாதம். தினமும் பதினோரு மணி நேரம் நிக்கிற பாதம். மல்லிகாவுக்குத் தெரியாதா?

வந்த வழியே திரும்பிப் போயிட்டாங்க. சரி, முதலாளியைக் கூட்டிட்டு வரப் போறாங்கன்னு நான் சண்டைக்குத் தயாரா நின்னேன். திரும்பி வந்தப்ப கையில ஒரு டம்ளர் பாதாம் பால்.

"பக்தைக்குக் குடுங்க"ன்னாங்க. "அவசரம் இல்ல. மெதுவா வரச் சொல்லுங்க."

அன்னிக்கு ரிஜிஸ்டர்ல லேட் விழல. பவுடர் டின் இன்னும் சீல் பிரிக்காம எங்க வீட்டுப் பரண்ல கிடக்கு.

ஒரே ஒரு குறை. அந்தத் திரை தரையைத் தொடாம முழம் ஒசரத்துலயே தொங்குது. ஊருக்கெல்லாம் துணி விக்கிற கடை... ஒரு அம்மாவை மறைக்க மட்டும் துணி பத்தலையாம்!