கவருக்குள் என்ன?

அறுபதுகளின் நடுவில், பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பாடினேன், நடந்து காட்டினேன், பஜ்ஜி நான் போட்டது என்று பொய்யும் சொன்னேன். கடைசியில் மாப்பிள்ளையின் மாமா, "பொண்ணு ஏதாவது கேக்கணும்னா கேக்கலாம்" என்றார். அது சும்மா மரியாதைக்குச் சொல்வது. பெண் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். எனக்கோ உண்மையாகவே ஒரு சந்தேகம் இருந்தது.

"ஆபீஸ்ல நீங்க என்ன வேலை பண்றேள்?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"கவரையெல்லாம் ஒட்டி, கிளை ஆபீஸுக்கு அனுப்பறது."

"கவருக்குள்ள என்ன இருக்கும்?"

அவர் யோசித்தார். "தெரியலை. நாலு வருஷமா அனுப்பறேன், யாரையும் கேட்டதில்லை."

அவருடைய அம்மா பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தார். என் அம்மா என் முதுகில் கிள்ளினாள். பெண்ணுக்கு வாய் நீளம் என்று மறுநாளே தகவல் வந்தது. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரம் நான் வேலைக்குப் போகும்போது, ஸ்டேஷன் பாலத்தில் அந்த மாப்பிள்ளை நின்றிருந்தார்.

"மேனேஜரையே கேட்டுட்டேன்" என்றார். "போன வாரம் அனுப்பின கவர் வந்து சேர்ந்ததான்னு விசாரிக்கற லெட்டராம்."

"போன வாரக் கவர்ல?"

"அதுக்கு முந்தின வாரக் கவரைப் பத்தி."

இருவரும் சிரித்த சிரிப்பில் என் ரயில் போய்விட்டது. தெரியாததைத் தெரியாது என்று பெண் வீட்டிலேயே சொல்லி, பிறகு போய்க் கேட்டுக்கொண்டும் வந்த ஆண்பிள்ளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இவர்தான் வேண்டும் என்று அன்று மாலையே அப்பாவிடம் சொன்னேன். தை மாதம் கல்யாணம் நடந்தது. மாமியார் என்னோடு முகம் கொடுத்துப் பேச இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.