இருசப்பன் நோட்டில் அடுத்த பக்கம்

இருசப்பன் வாழ்நாள் முழுக்க மறுத்த கருத்தை, அவன் செத்த பிறகு அவனுடைய பொன்மொழியாக அச்சடித்துவிட்டார்கள். அது என் கருத்து. அதனால் எனக்கு இரட்டிப்புக் கோபம்.

"அப்பா போயிட்டாரு பெரியப்பா" என்று அவன் மகன் போன் செய்தபோது, முந்தின நாள் வாதத்துக்குப் பதிலோடு அவன் வீட்டுக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

மரக்காணம் உப்பளத்தில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துப் பாத்தி. இருவருக்கும் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. மிச்சத்தை அகராதியில் படித்தோம். பக்தி என்ற சொல் 'பற்று' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்பது என் கட்சி. அவன் உப்பு வாரிக்கொண்டே மறுப்பான். "வடமொழியில பஜ்னு ஒரு வேர் இருக்குதுபா. பங்கு குடுக்கறது, பங்கு வாங்கறது. புடிச்சிக்கினு தொங்கறது இல்ல."

ஓர் ஆடியில் அம்மன் கோயிலுக்குத் தீபாராதனை முடிந்தபின் தூக்குவாளியோடு வந்தான். கூழ் வரிசையில் முதல் ஆள்.

"ஏம்பா, சாமிய பாக்க வரல, கூழுக்கு மட்டும் கரெக்டா வர்ற?"

"நீ சாமிய புடிச்சிக்கினு நில்லு. நான் பங்கு வாங்கிக்கறேன். யாரு பக்தன்னு அப்புறம் பாக்கலாம்."

வாங்கிய கூழை, நிற்க முடியாமல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவிக்கு ஊற்றிவிட்டு மறுபடி வரிசையில் நின்றான். வாதத்துக்கு நடுவே செயலைக் கொண்டுவருவது முறையல்ல என்று அப்போதே கண்டித்தேன்.

படத்திறப்பு நோட்டீஸில் அவன் படத்துக்குக் கீழே, "பக்தி என்பது பற்று." மேடையில் ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியர் அதை விளக்கிப் பேச, ஒரே கைதட்டல். முப்பது வருஷமாக எனக்குக் கிடைக்காத கைதட்டல்! "அவன் சொன்னதில்லை, நான் சொன்னது" என்று எழுந்தேன். "துக்கத்துல பேசுறாரு, உக்காரவைங்க" என்று கையில் ஒரு சோடாவைத் திணித்தார்கள்.

மகனைப் பிடித்தேன். "அப்பா நோட்டுல இருந்துச்சு பெரியப்பா. அவரு கையெழுத்துதான்."

வாங்கிப் பார்த்தேன். என் வாதங்கள் ஒன்று விடாமல், நான் சொன்னதைவிடத் தெளிவாக இருந்தன. அடுத்த பக்கம் இப்படித் தொடங்கியது: "இதுவரை அவன் சொன்னது. இனி என் பதில்." மகன் பக்கத்தைத் திருப்பவில்லை.

அவனை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன். மகன் அந்தப் பக்கத்தையும் அச்சடித்து, வந்தவர்கள் அத்தனை பேருக்கும் கொடுக்க வேண்டும். தலைமை ஆசிரியர் தப்பைச் சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும். கைதட்டியவர்கள் அந்தப் பக்கத்தை ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். நோட்டு என்னிடம் இருக்கிறது. நகல் எடுத்துக்கொள்ளலாம், நோட்டைத் தரமாட்டேன். இனி யார் கேட்டாலும் இருசப்பன் கட்சியை நான்தான் சொல்ல வேண்டும், என் கட்சி தோற்கிற அளவுக்கு நன்றாக. மறுத்து மறுத்தே அதை மனப்பாடம் செய்தவன் நான் ஒருவன்தான்.